தானே அறுக்கும் தேர்

செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமான பிறகு கூட்டம் கூடியது உண்மைதான். ஆனால் வருகிறவர்கள் ராஜகிரியில் ஏறி, பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, இறங்கி வந்து கரும்புச்சாறு குடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் புதுச்சேரிக்குப் போய்விடுகிறார்கள் என்பதைத் தொன்மை வாழ்வியல் சுற்றுலா இயக்ககம் கண்டுபிடித்தது. அவர்களை ராத்திரி இங்கேயே தங்கவைக்க வேண்டுமானால், மறுநாள் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டும். கல்லால் ஆன எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் வேறு துறைகள் முந்திக்கொண்டு வேலி போட்டுவிட்டன. ஆகவே இயக்ககம் மனிதர்களைத் தேட ஆரம்பித்தது.

அதன் இணை இயக்குநர் சிவசங்கர் முந்தின வருஷம்தான் அமெரிக்காவுக்குக் கல்விச் சுற்றுலா போய்வந்திருந்தார். அங்கே ஆமிஷ் என்று ஒரு சமூகத்தார் இருக்கிறார்கள். கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போவார்கள், விவசாயம் பார்ப்பார்கள், யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அவர்களைப் பார்க்க வருகிறவர்களுக்காகச் சுற்றுவட்டாரத்தில் ராட்டினம், சோளக்கொல்லைக்குள் வழி தொலையும் விளையாட்டு, மாட்டுக்கொட்டகை மாதிரி ஓட்டல் என்று புதிது புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. சிவசங்கர் குதிரை வண்டிக்காரர்களை ஒரு பார்வை பார்த்தார். ராட்டினத்தை நன்றாகப் பார்த்தார். ஊர் திரும்பியதும், "நம்மகிட்டயும் இந்த மாதிரி அமைதியான ஜனங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். யாரோ பூவரசம்பட்டு என்ற ஊரைச் சொல்லிவிட்டார்கள்.

பூவரசம்பட்டு செஞ்சியிலிருந்து டவுன் பஸ் போகும் ஊர். பாதி வீடுகள் நயினார் வீடுகள், அதாவது தமிழ்ச் சமணர்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே இருக்கிறவர்கள். விவசாயம் உண்டு, மண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் உண்டு. இறைச்சியும் கிழங்கும் கிடையாது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். மற்றபடி எல்லாரையும் போல ரேஷன் கடையில் நிற்பார்கள், கரண்ட் போனால் திட்டுவார்கள், பிள்ளைகளை நீட் கோச்சிங்கில் சேர்த்துவிட்டு டென்ஷனாக இருப்பார்கள்.

பள்ளிக்கூடக் கூடத்தில் கூட்டம் போட்டு சிவசங்கர் பேசினார்.

"உங்களுக்கு எதையும் தர நாங்க வரலை," என்று ஆரம்பித்தார். இயக்கக ஊழியர்கள் கைதட்டினார்கள். "உங்ககிட்ட இருக்கிறதை உங்களுக்கே காட்ட வந்திருக்கோம். நீங்க எளிமையா வாழறீங்க. ஆனா அது உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுட்டா அது எளிமை இல்லை. அதனாலதான் உங்க எளிமையை நிர்வாகம் பண்ண ஒரு இயக்ககம் தேவைப்படுது."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஜினசேனன், மனைவி அனந்தமதியின் பக்கம் சாய்ந்தார். ஜினசேனனுக்கு ஊருக்குக் கிழக்கே நெல்வயல், செஞ்சியில் மல்லாட்டை வியாபாரம். யாராவது அழுத்திப் பேசினால் சரி என்று சொல்லிவிடுகிற சுபாவம்.

"அவரு இன்னா சொல்றாரு?"

"நம்ம ஊட்டப் பாக்க ஆளுங்க வராங்களாம்."

"எதுக்கு?"

"நாம இருக்கிறதைப் பாக்க."

"தெனமும்தான் இருக்கிறோம்," என்றார் ஜினசேனன். ஆனால் கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கிவிட்டார். அவர் வீடு மாதிரி வீடாகத் தேர்வாயிற்று.

மறுநாள் மணிமொழி வந்தாள். சென்னைப் பெண். இயக்ககத்தில் அவளுக்கு அனுபவ வடிவமைப்பாளர் என்று பெயர். நல்ல பெண்தான். செருப்பை வாசலிலேயே கழற்றினாள், கொடுத்த மோரைக் குடித்தாள், பிறகு வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு முகம் வாடி வெளியே வந்தாள்.

"அக்கா, உள்ள பிரிட்ஜ் இருக்குது. வாஷிங் மெஷின் இருக்குது. ஏசி கூட இருக்குது."

"ஆமாம்மா. வெயில்காலத்துல முடியல."

"சார், நீங்க எளிமையா இல்லையே," என்று ஜினசேனனைப் பார்த்தாள்.

"நாங்க எப்பம்மா எளிமைன்னு சொன்னோம்?"

"நீங்க சொல்ல வேணாம் சார். ஆய்வு சொல்லுது."

மூன்றாம் நாள் லாரியில் பிளெக்ஸ் வந்தது. மண்சுவர் படம் அச்சடித்த பிளெக்ஸைச் சுவரைச் சுற்றிக் கட்டினார்கள். கூரைப் படம் அச்சடித்ததை மொட்டைமாடியிலிருந்து தொங்கவிட்டார்கள். ஏசியின் வெளிப்பெட்டி மேல் ஒரு பெரிய கூடையைக் கவிழ்த்தார்கள். ஊர் முகப்பில் ஒரு வளைவு எழும்பியது: தொன்மை எல்லை. இதற்குள் இஞ்சின் வைத்த எதுவும் வரக்கூடாது. ஜினசேனன் தன் பைக்கை வளைவுக்கு வெளியே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

அடுத்தது 'அந்திச் சாப்பாடு' என்ற நிகழ்ச்சி. ஒரு சமணக் குடும்பம் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவதைப் பார்வையாளர்கள் ஏழரை மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

"ஏழரைக்கு இருட்டிடுமேம்மா," என்றாள் அனந்தமதி. "நாங்க அதுக்கு முன்னயே சாப்ட்டுடுவோம்."

மணிமொழி சிவசங்கருக்கு போன் போட்டாள். பார்வையாளர்கள் கோட்டையிலிருந்து இறங்கி, குளித்து, கிளம்பி வர ஏழரை ஆகிவிடும் என்று அவர் சொன்னார். நேரத்தை மாற்ற வழியில்லை. "அப்ப அஸ்தமனத்தை ஏழரைக்கு வெச்சுக்கோங்க," என்றார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பம் நட்டு ஆரஞ்சு நிற விளக்கு பொருத்தினார்கள். ஏழரைக்கு அதை மெல்ல மெல்ல அணைத்தார்கள். பக்கத்துத் தெருக் கோழிகள் சில நாள் குழம்பின, பிறகு பழகிக்கொண்டன. அனந்தமதி பழகவில்லை. நிஜச் சூரியன் இருக்கும்போதே குடும்பத்துக்குச் சோறு போட்டுவிட்டு, பொய்ச் சூரியனுக்குக் காலித் தட்டைப் போட்டு உட்காரவைத்தாள். வெளியே ஒரு கடையில் சமணப் போண்டா என்ற பெயரில் உருளைக்கிழங்கு போண்டா சூடாக விற்றது.

ஒத்திகை நாளில் ஜினசேனன் தோற்றுப்போனார். அவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: வாசலில் நாற்காலி இல்லாமல் உட்கார்ந்து, ஜினசேனனாக இருக்கவேண்டும். உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு முறை இருமினார். அப்போது பார்த்து மண்டியிலிருந்து போன் வந்தது. மல்லாட்டை விலையைக் கேட்டுச் சத்தம் போட்டார்.

சிவசங்கர் தலையை ஆட்டினார். "இவர்கிட்ட அசல்தன்மை பத்தலை. மாத்துங்க."

மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து அரிகிருஷ்ணனைக் கூட்டிவந்தார்கள். கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். மைக் இல்லாமலே அடுத்த ஊருக்குக் கேட்கிற குரல். வெள்ளை வேட்டி கட்டி வாசலில் உட்கார்ந்தார் என்றால் மகரிஷி மாதிரி இருந்தார். மணிமொழி அவர் கையில் ஒரு மயில்பீலியைக் கொடுத்தாள். "அது முனிவருங்க வெச்சிருக்கிறதும்மா, ஊட்டுக்காரங்க கையில குடுக்கக் கூடாது," என்று அனந்தமதி அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அரிகிருஷ்ணனுக்குப் பக்கத்தில் மனைவியாக உட்காரவும் முடியாது என்று சொல்லிவிட்டாள். அவளுக்குப் பதிலாக ஒரு கட்அவுட் வைத்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க நயினாரே," என்றார் அரிகிருஷ்ணன். "பங்குனி வரைக்கும் கூத்து கெடையாது. சும்மா குந்தினு இருந்தா போதும்னாங்க."

"நல்லா பண்றீங்க," என்றார் ஜினசேனன், மனசாரவே. தான் அவ்வளவு நிதானமானவர் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் மண்டியிலிருந்து திரும்பியபோது வளைவில் காவலர் மறித்தார். புது ஆள்.

"டிக்கெட்?"

"எங்க ஊடு சார் உள்ள இருக்குது."

"பேரு?"

"ஜினசேனன்."

"அவரு உள்ள குந்தினு இருக்காரே," என்றார் காவலர். "இப்பதான் ஒரு பேமிலிகூட போட்டோ எடுத்துக்கினாரு."

மணிமொழி ஓடிவந்து அவர் சட்டையில் ஒரு அட்டையைக் குத்திவிட்டாள். அதில் 'பின்னணி' என்று எழுதியிருந்தது. அதைக் காட்டினால் பின்வாசல் வழியாகப் போய்வரலாம். ஜினசேனன் அதையும் ஏற்றுக்கொண்டார். கல்லூரி விடுதியிலிருந்த மகள் சுதர்சனா போனில், "நைனா, நெட்ல உன் பேரு போட்டு வேற ஒருத்தர் போட்டோ வருது," என்றபோது, "அவரு நல்ல மனுஷன்மா," என்று மட்டும் சொன்னார்.

அவர் பொறுக்க முடியாமல் போனது நெல் பழுத்தபோதுதான்.

வயல் முழுக்கக் கதிர் தலை சாய்ந்து நின்றது. வருஷச் சாப்பாடும், அடுத்த போகத்துக்கு விதையும், மகள் படிப்பும் அதில்தான். தை மாதத்தில் வரக்கூடாத மழை வங்கக்கடலில் உருவாகியிருப்பதாக டிவியில் சொன்னார்கள். நாளை மாலைக்குள் வந்துவிடும். அறுப்பு மெஷின் வைத்திருக்கும் ஆதிமூலம் மண்டகப்பட்டில் அறுத்துக்கொண்டிருந்தான். "நாளைக்குக் காலைல வரேன் நயினாரே. உட்டா மேல்மலையனூர்ப் பக்கம் போயிடுவேன். அப்பால என்னைப் புடிக்க முடியாது," என்றான்.

ஆனால் நாளைக்குத்தான் திறப்பு விழா. இயக்ககத்தின் தலைவர் அமிர்தவல்லி சென்னையிலிருந்து வருகிறார். ஜினசேனன் நேராக சிவசங்கரிடம் போனார். அவர் மேடையில் நாற்காலிகளின் இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அறுப்பு மெஷினை மட்டும் உள்ள உடணும்."

"இஞ்சின் இருக்கா?"

"மெஷினுன்னா இஞ்சின் இருக்கும் சார்."

"அப்ப முடியாது. அருவாளால அறுங்க."

"ஆளு இல்ல சார். அறுப்புக்கு வர்றவங்க எல்லாம் உங்ககிட்ட அறுப்பு ஆளா நடிக்க வந்துட்டாங்க."

"பார்வையாளர்களே அறுப்பாங்க நயினாரே. 'அறுவடை அனுபவம்'னு போட்டிருக்கோம். குடும்பத்துக்கு ஒரு கைப்பிடி."

"மழை வருது சார்."

சிவசங்கர் முகம் மலர்ந்தது. "வரட்டும். மண்வாசனை அனுபவம் தனியா இருக்கு."

"நெல்லு போயிடும் சார்!" ஜினசேனன் குரல் உயர்ந்தது. அவர் குரல் உயர்ந்து ஊரில் யாரும் கேட்டதில்லை.

சிவசங்கர் அவர் தோளில் கைவைத்தார். "நயினாரே, உணர்ச்சிவசப்படாதீங்க. நெல் வருஷா வருஷம் வரும். ஒரு பாரம்பரியத்தை ஒரு தடவைதான் தொடங்கிவைக்க முடியும். விவசாயியோட வாழ்க்கையைக் காப்பாத்தத்தான் இவ்வளவு பாடுபடறோம். நடுவுல விவசாயம் வந்து குழப்பக்கூடாது."

ஜினசேனன் வீட்டுக்கு வந்து, பின்கட்டில் வாஷிங் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அனந்தமதி கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. வாசலில் அரிகிருஷ்ணன் யாருக்கோ மனநிம்மதியின் ரகசியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

"அந்த ஆபீசரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள் அனந்தமதி. அவர் சொன்னார். அவள் கோபப்படவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

அந்த நேரத்தில் மணிமொழி அழுதுகொண்டே பின்வாசல் வழியாக வந்தாள். தலைவரை ஊர்வலமாகக் கூட்டிவரச் சொல்லியிருந்த தேர் செஞ்சியிலேயே அச்சு முறிந்து படுத்துவிட்டது. "தேர் இல்லன்னா என் வேலை போயிடும் அக்கா. சார் கத்துவாரு."

அனந்தமதி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "தேருன்னா இன்னாம்மா? உயரமா இருக்கணும். ஆளு ஏறி நிக்கணும். மெதுவா போகணும். அவ்ளோதானே?"

"ஆமா அக்கா."

"எங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணு மண்டகப்பட்டுல நிக்குது."

மணிமொழிக்குப் புரிய கொஞ்சம் நேரமாயிற்று. "அக்கா! அதுல இஞ்சின் இருக்கே!"

"மூடிட்டா யாருக்குத் தெரியும்? எங்க ஊட்டையே மூடித்தானே வெச்சிருக்கீங்க."

மணிமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பிளெக்ஸ் மண்சுவரைப் பார்த்தாள். "மிச்ச பிளெக்ஸ் குடோன்ல இருக்குது," என்றாள்.

விடிந்ததும் ஆதிமூலத்தின் மெஷினைத் தென்னங்கீற்றும் வாழைமரமும் சாமந்திச் சரமும் கட்டி மறைத்தார்கள். முன்னாலிருந்த அறுக்கும் பல் மேல் ஜரிகைத் துணி போர்த்தினார்கள். "சரம் பெல்ட்டுல சிக்கிச்சுன்னா யாரு பாக்கிறது?" என்று ஆதிமூலம் கத்தினான். ஆனால் அனந்தமதி அவனுக்கு இட்லி வைத்தபோது அமைதியானான். இஞ்சின் சத்தத்தை மேளக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். அரிகிருஷ்ணன் விஷயம் தெரிந்ததும் தானாகவே மேலே ஏறி நின்றார். காவலர் வளைவில் சல்யூட் அடித்து வழிவிட்டார்.

அமிர்தவல்லிக்குத் தேர் மிகவும் பிடித்துப்போயிற்று. ஏணி வைத்து ஏறி நின்று கையசைத்தார். ஊர்வலம் தெருவில் வந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மேடைக்கு வளையவேண்டிய இடம் வந்தது. ஜினசேனன் ஓரமாக நின்று மெஷினையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு கையை உயர்த்தி வயல் பக்கம் காட்டினார்.

"திருப்புங்கடா தேரை!" என்று அரிகிருஷ்ணன் முழங்கினார்.

ஆதிமூலம் திருப்பினான். ஜரிகைத் துணி காற்றில் போயிற்று. அறுக்கும் பல் இறங்கிச் சுழன்றது. கதிர்கள் வரிசையாகச் சாய்ந்து உள்ளே போயின. வாழைமரங்கள் ஆடின, தலைவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். சிவசங்கர் கோட்டுடன் வரப்பில் ஓடிவந்தார்.

"சிவசங்கர்! என்ன இது?" என்று மேலிருந்து கேட்டார் அமிர்தவல்லி.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்ல சிவசங்கருக்கு வாய்ப்பிருந்தது. அவர் இருபது வருஷமாக அரசுப் பணியில் இருப்பவர்.

"தானே அறுக்கும் தேர் மேடம்! பல்லவர் காலத்தது! சர்ப்ரைஸா வெச்சிருந்தோம்!"

"அவங்க காலத்துல இப்படி ஒண்ணு இருந்துச்சா?"

"மண்டகப்பட்டுல பாருங்க மேடம். செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம கோயில் எடுத்தவங்க. மாடு இல்லாம ஒரு தேர் ஓட்டமாட்டாங்களா?"

"டீசல் வாடை வருதே?"

"அது நாம சேர்த்தது மேடம். பராமரிப்புக்காக."

அமிர்தவல்லி தலையசைத்தார். "ஆமிஷ்காரங்ககிட்டகூட இது இல்லை," என்றார் பெருமிதத்துடன். இன்னொரு சுற்று போகச் சொன்னார். பார்வையாளர்கள் வரப்பு நெடுக நின்று படம் எடுத்தார்கள். நடிக்க வந்த கூலியாட்கள், நெல் கொட்டுவதைப் பார்த்ததும் நடிப்பை மறந்து சாக்கைப் பிடிக்க ஓடிவந்தார்கள். தார்ப்பாயில் குவிந்த நெல்லில் ஜினசேனன் முழங்கை வரை கையை விட்டார். சூடாக இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முதல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வீட்டுக்குள் போனார். மனைவியின் கட்அவுட் வழியில் இருந்தது. அதைத் தள்ளிவிட்டுப் போனார். கடைசி மூட்டை உள்ளே போனதும் மழை பிடித்துக்கொண்டது.

விஷயம் அதோடு முடியவில்லை. மறுநாளே இயக்ககம் தேரைப் பாதுகாக்கப்பட்ட தொன்மைப் பொருளாக அறிவித்து, எல்லையைவிட்டு வெளியே போகக்கூடாது என்று சங்கிலி போட்டது. "என் மெஷினு சார் அது! ரெண்டு வருசம் முன்னதான் வாங்கினேன்!" என்று ஆதிமூலம் கத்தினான்.

"பல்லவர்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க," என்றார் சிவசங்கர்.

அனந்தமதிதான் மணிமொழியிடம் பேசினாள். தேர் சும்மா நின்றால் ஜனங்கள் என்ன பார்ப்பார்கள்? தினமும் ஓட்டிக் காட்டவேண்டாமா? ஓட்டவேண்டுமென்றால் விளைந்த வயல் வேண்டாமா? சிவசங்கருக்கு அது சரியாகப் பட்டது. மழை விட்டு வயல் காய்ந்ததும் தினம் ஒரு வயலில் தேரோட்டம் நடந்தது. டீசலுக்கும் ஆதிமூலத்தின் வாடகைக்கும் இயக்ககம் பணம் கொடுத்தது. பூவரசம்பட்டு முடிந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கெஞ்ச, மணிமொழி தொன்மை எல்லையை அவர்கள் வயல்வரை நீட்டினாள். மழையில் சாய்ந்துபோன நெல்லைக்கூட ஆதிமூலம் பதமாக அள்ளினான்.

பிறகு அறுக்க ஒன்றுமில்லை. வெறும் தாளடியைப் பார்க்க யாரும் வரவில்லை. அரிகிருஷ்ணன் பங்குனிக் கூத்துக்குப் போனார். பொதுமக்களின் அமோக ஆதரவைப் பெற்ற முதல் கட்டம் நிறைவடைந்தது என்று அறிக்கை கொடுத்துவிட்டு, சிவசங்கர் பதவி உயர்வுடன் சென்னைக்குப் போனார். அங்கிருந்தபடியே இரண்டாம் கட்டத்துக்கு உத்தரவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் கரும்பு போட்டிருக்கும் பக்கத்து ஊர் நெடுமாறன் ஜினசேனனைத் தேடி வந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

"நயினாரே, எங்க ஊருக்கு சர்வே பண்ண வந்துட்டாங்க. வளைவு கட்டக் கம்பி எறக்கிட்டாங்க. எனக்குக் கரும்பு வெட்டுக்கு நிக்குது. லாரி உள்ள வரக்கூடாதுன்றாங்க. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

ஜினசேனன் மனைவியைப் பார்த்தார். அனந்தமதி முறத்தில் நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"லாரிக்கு ஒரு தும்பிக்கை வெச்சு உட்டுடுங்க அண்ணே. யானைன்னு அவங்களே சொல்லிப்பாங்க."